நிற்க வைத்துக் காட்டும் தரை

ராசிபுரத்திலிருந்து நாமகிரிப்பேட்டை வழியாக ஆத்தூர் போகிறவர்கள், தை மாசி மாதங்களில் சேகோ ஆலைகளின் காயவைக்கும் களங்களைப் பார்த்திருப்பார்கள். பரந்த சிமெண்ட் தரை, அதன்மேல் கண் கூசும் வெள்ளை மாவு. அந்தக் களத்தைப் போட்டவர் யோசிக்காமல் போட்டிருக்க மாட்டார். வெயிலை வாங்கி அது சீக்கிரம் சூடேற வேண்டும். பலகையால் தள்ளும்போது மாவு எங்கேயும் சிக்கக் கூடாது. திடீரென மழை பிடித்தால் தண்ணீர் நிற்காமல் ஓட வாட்டம் வேண்டும். ஓரிடத்தில் வெடிப்பு விட்டாலும் மண் கலந்து மாவின் வெண்மை கெடும், விலையும் கெடும்.

சேலம் செவ்வாய்ப்பேட்டை, பனங்காடு பக்கம் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர்களுக்குத் தரை இன்னும் நெருக்கமானது. அரம் போடும்போது கீழே சிதறும் வெள்ளித் துகளைக் கூட்டி எடுத்து, சேர்த்து, உருக்கி மீட்பது அந்தத் தொழிலின் வரவு செலவிலேயே ஒரு பகுதி. பிளந்த தரை அவர்களுக்கு நேரடி நட்டம். குழித்தறி நெசவாளருக்கு வேண்டியது இதற்கு நேர்மாறு. நூல் காய்ந்து அறுந்துபோகாமல் இருக்க அறையில் ஈரப்பதம் வேண்டும். மண் தரையும் கால் இறங்கும் குழியும் அந்த ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

ஆக, வேலை நடக்கும் இடத்தில் தரையை ஒரு கருவியாகப் பார்க்கத் தெரிந்த மக்கள் நாம். அதே மக்கள் சொந்த வீடு கட்டும்போது மட்டும் தரையை ஏன் படம்போலப் பார்க்கிறோம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

இன்று சேலம், நாமக்கல் வட்டாரத்தில் எழும் வீடுகளில் பெரும்பாலானவற்றின் தரை ஒரே மாதிரி இருக்கிறது. ஹாலுக்கு இரண்டுக்கு இரண்டு அடி அல்லது நான்குக்கு இரண்டு அடியில், வெள்ளை அல்லது சந்தன நிறத்தில், முகம் தெரியும் பளபளப்போடு ஒரு விட்ரிஃபைட் டைல்ஸ். அதையே படுக்கையறைக்கு, சமையலறைக்கு, பூஜை அறைக்கு, சில வீடுகளில் வாசல் திண்ணைவரைக்கும் இழுத்துவிடுகிறார்கள். குளியலறைக்கு மட்டும் 'சொரசொரப்பா ஏதாவது' என்று கடைசி நேரத்தில் ஒன்று எடுக்கப்படுகிறது. தேர்வு நடக்கும் விதத்தையும் கவனியுங்கள். கடையில் டைல்ஸ் படுத்திருப்பதில்லை. சாய்வுச் சட்டங்களில் நிற்கிறது, அல்லது புத்தகப் பக்கம்போலத் திருப்பும் பலகைகளில் ஒட்டியிருக்கிறது. மேலிருந்து விளக்கு அடிக்கிறது. நாம் செருப்புக் காலோடு நாலடி தள்ளி நின்று, காய்ந்த நிலையில், கண்ணால் மட்டும் பார்த்து முடிவெடுக்கிறோம். வீட்டுக்கு வந்தபின் அதே பொருள் படுத்துக்கொள்கிறது, நனைகிறது, அதன்மேல் வெறுங்காலோடு நடக்கிறோம். சுவருக்குப் பொருத்தமான முறையில் தரையைத் தேர்ந்தெடுக்கிறோம்.

பழைய தொட்டிக்கட்டு வீட்டில் ஒரு முறை நடந்து பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரியும். வாசலில் சாணி தெளித்த மண். திண்ணையில் சுண்ணாம்புக் காரை, பிற்பாடு வழவழப்பாகத் தேய்த்த சிமெண்ட். மழையும் வெயிலும் நேராக இறங்கும் தொட்டியில் பாவு கல். ஆசாரம் என்ற கூடத்தில் காவிச் சிமெண்ட், அதாவது ரெட் ஆக்சைடு தரை. அடுப்படியில் மெழுகிய மண். பின்னால் பொடக்காணியில், குளிக்கவும் துவைக்கவும் கொத்தி விட்ட சொரசொரப்பான பாறைக்கல். அறைக்கு அறை தரை மாறியது, அங்கே நடந்த வேலையை ஒட்டி மாறியது. யாரும் அதை வடிவமைப்பு என்று பெயரிட்டுச் செய்யவில்லை. கிடைத்த பொருளும் கையிலிருந்த காசும் சேர்ந்து அப்படி ஆயின என்பதும் உண்மைதான். ஆனாலும் ஈரம் எங்கே, கால் எங்கே, நெருப்பு எங்கே என்ற கணக்கு அந்த வீட்டில் இருந்தது.

இதைச் சொன்னதும், பழையது எல்லாம் நல்லது என்ற பக்கம் நான் சாய்வதாக எண்ணிவிட வேண்டாம். மெழுகிய தரையை மெழுகியது யார்? வெள்ளிக்கிழமை விடியுமுன் எழுந்து, சாணி கரைத்து, குனிந்தபடி அறை முழுக்க நகர்ந்தது வீட்டுப் பெண்கள். என் அப்பத்தாவின் வலது கை மணிக்கட்டு கடைசிவரை வலித்தது. காவித் தரையும் சும்மா வந்துவிடவில்லை. கலவை இறுகுவதற்குள் இரும்புக் கரணையால் மணிக்கணக்கில் தேய்க்கத் தெரிந்த கொத்தனார் வேண்டும். கொஞ்சம் கை தவறினால் திட்டுத் திட்டாக நிறம் நிற்கும், சில வருடங்களில் மயிர்க்கோடுபோல வெடிப்பு ஓடும். ஒருமுறை வெடித்த இடத்தை ஒட்டுப் போட்டால் அது என்றைக்கும் ஒட்டாகவே தெரியும். விட்ரிஃபைட் டைல்ஸ் வந்தபோது இந்தப் பாட்டிலிருந்து வீடு விடுபட்டது. ஒரு ஈரத்துணி போதும், தரை சுத்தம். எண்ணெய் சிந்தினால் உள்ளே இறங்காது. மொசைக்கைப்போல மிஷின் வைத்துத் தேய்த்து, வீடு முழுக்கச் சேற்றுநீர் ஓட்ட வேண்டியதில்லை. மார்பிளைப்போல எலுமிச்சைச் சாறு பட்டால் அரித்துப் போவதில்லை.

ஒரே டைல்ஸை வீடு முழுவதும் போடுவதிலும் நியாயமான லாபங்கள் உண்டு. அறைக்கு அறை கனம் மாறாததால் நிலைவாசலில் கால் இடறும் மேடு வராது. முழங்கால் வலிக்காரருக்கும் சக்கர நாற்காலிக்கும் அது பெரிய உதவி. ஹாலில் வெட்டியதில் மிஞ்சும் துண்டு அறை மூலைக்கு ஆகும், சேதாரம் குறையும். பத்து வருடம் கழித்து ஒன்று உடைந்தால், மாடியில் எடுத்து வைத்த ஒரே பெட்டியிலிருந்து எந்த அறைக்கும் மாற்றலாம். சிறிய வீட்டில் ஒரே நிறம் ஓடும்போது இடம் விரிந்து தெரிகிறது. எழுநூறு சதுர அடியில் கடன் வாங்கிக் கட்டுகிற குடும்பத்திடம், அறைக்கு ஒரு டைல்ஸ் வாங்குங்கள் என்று சொல்வது எளிதல்ல என்பது எனக்குத் தெரியும்.

சிக்கல் வேறெங்கோ இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள அந்தப் பொருள் எப்படி உருவாகிறது என்று பார்க்க வேண்டும். டைல்ஸ் உற்பத்தியில் சீனாவுக்கு அடுத்த இடம் இந்தியாவுக்கு. அதில் பெரும்பங்கு குஜராத்தின் மோர்பி என்ற ஒரே ஊரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்தது. களிமண்ணோடு ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் அரைத்துச் சேர்த்து, பெரும் அழுத்தத்தில் அச்சிட்டு, 1200 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் சுடுகிறார்கள். இந்த இரண்டு கனிமங்களும் நமக்கு அந்நியமானவை அல்ல. சேலம், நாமக்கல், கரூர் மாவட்டங்களில் இவை வெட்டியெடுக்கப்படுகின்றன. நம் காட்டில் கலப்பைக்கு முட்டும் வெள்ளை வெங்கச்சங்கல் வேறொன்றுமில்லை, குவார்ட்ஸ்தான். சூளைக்குள் ஃபெல்ட்ஸ்பார் உருகிக் கண்ணாடிபோல ஓடி, மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடுகிறது. வெளியே வரும் பலகை தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீரை உறிஞ்சாது. சர்வதேச அளவுகோலில் விட்ரிஃபைட் என்ற வகைக்கு எல்லையே அதுதான். சுவர் டைல்ஸோ 10 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சும்.

தண்ணீரை வாங்காத இந்தக் குணம்தான் அதன் பெருமை எல்லாவற்றுக்கும் வேர். கறை இறங்காதது, துடைத்ததும் காய்வது, பூஞ்சை பிடிக்காதது எல்லாம் இதிலிருந்தே வருகின்றன. அதன் குறைகளைப் பின்தொடர்ந்து போனாலும் இதே வேரில்தான் போய் நிற்போம். மண்ணும் சுண்ணாம்பும் சிமெண்டும் கொஞ்சம் தண்ணீரைக் குடிக்கும், கொஞ்சம் கோலமாவைப் பிடிக்கும், கொஞ்சம் காலைப் பற்றும். இது எதையும் குடிப்பதில்லை, எதையும் பற்றுவதில்லை. அறைகளுக்குத் தரை தேர்வதென்றால், எந்த அறைக்கு இந்தக் குணம் வரம், எந்த அறைக்கு ஆபத்து என்று பிரித்தறிவதுதான்.

முதலில் கால். சிந்திய தண்ணீர் பளபளப்பான டைல்ஸில் உள்ளே போக வழியில்லாமல் மெல்லிய படலமாக மேலேயே நிற்கும். கால் அந்தப் படலத்தின் மேல்தான் விழுகிறது. எங்கள் வீட்டில் அம்மா விழுந்தது குளியலறையில் அல்ல. ஹாலிலிருந்து கை கழுவும் தொட்டிக்குப் போகும் நடையில், யாரோ கை உதறிய நாலு சொட்டுத் தண்ணீரில். வெள்ளைத் தரையில் அந்த நாலு சொட்டு கண்ணுக்குத் தெரியவே இல்லை. இடுப்பெலும்புக்கு அறுவை சிகிச்சை செய்து, மூன்று மாதம் கழித்து அவர் எழுந்து நடந்தபோது, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கும் பழக்கம் வந்திருந்தது. இன்றுவரை அது போகவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் கீழே விழுந்து இறப்பவர்கள் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர். அவர்களில் வயதானவர்களே அதிகம். எல்லா விழுகைக்கும் தரையைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் வயதானவர்கள் நடக்கும் வீட்டில், நனையக்கூடிய இடத்தில் கண்ணாடித் தரை போடுவது, தெரிந்தே வைக்கும் கண்ணி.

வழுக்காத தன்மைக்கு அளவு உண்டு. சில டைல்ஸ் பெட்டிகளிலும் விவரத் தாள்களிலும் ஆர் 9, ஆர் 10, ஆர் 11 என்று போட்டிருக்கும். இது ஜெர்மானிய அளவுமுறை. சாய்தளத்தில் டைல்ஸை ஒட்டி, எண்ணெய் ஊற்றி, அதன்மேல் ஒருவரை நடக்கவிட்டு, எந்தச் சாய்வில் வழுக்குகிறது என்று பார்ப்பார்கள். எண் கூடக் கூட வழுக்கல் குறையும். கவனிக்க வேண்டியது, அந்தச் சோதனையில் நடப்பவர் பூட்ஸ் அணிந்திருப்பார். நாம் வீட்டுக்குள் செருப்பே போடாதவர்கள். வெறுங்காலுக்கும் சோப்புத் தண்ணீருக்கும் இன்னொரு சோதனை இருக்கிறது. அதில் ஏ, பி, சி என மூன்று தரங்கள். ஏ என்றால் குறைந்தது 12 டிகிரி, பி என்றால் 18 டிகிரி, சி என்றால் 24 டிகிரி சாய்வுவரை கால் நிற்கும். நம்முடைய குளியலறைக்குக் கேட்க வேண்டிய எழுத்து இதுதான். நம் ஊர்க் கடையில் இதைக் கேட்டால் பதில் கிடைப்பது அரிது. கேட்கிறவர்கள் கூடினால் பதிலும் வரும் என்று நம்புகிறேன். அதுவரை எளிய வழி ஒன்று இருக்கிறது. மாதிரித் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, வீட்டில் தரையில் படுக்க வைத்து, சோப்புத் தண்ணீர் ஊற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலை வைத்து அழுத்தித் தள்ளிப் பாருங்கள். கண் சொல்லாததைக் குதிகால் சொல்லிவிடும்.

குளியலறையில் வழுக்கலுக்குச் சமமாக முக்கியமானது வாட்டம். தண்ணீர் எல்லாப் பக்கமிருந்தும் ஓட்டையை நோக்கி இறங்க வேண்டும். நாலடிக்கு அரை அங்குலமாவது இறக்கம் இல்லாவிட்டால் மூலையில் குட்டை நிற்கும், அங்கே பாசி பிடிக்கும், எவ்வளவு சொரசொரப்பான டைல்ஸும் அங்கே தோற்றுவிடும். ஐந்துக்கு ஏழு அடி அறையில் இரண்டடிப் பலகையைப் போட்டு நான்கு பக்கமும் வாட்டம் எடுக்க முடியாது. பலகை வளையாதல்லவா? குறுக்கே வெட்டித்தான் ஆக வேண்டும், வெட்டினால் கோணலாகத் தெரியும் என்று மேஸ்திரி மட்டமாகவே ஒட்டிவிடுவார். ஒரு அடிக்கு ஒரு அடி டைல்ஸ் குளியலறைக்கு இன்னும் விற்பனையாவதன் காரணம் பழமை அல்ல, இந்த வாட்டம்தான். இணைப்புக் கோடுகள் அதிகமாக இருப்பதும் அங்கே நன்மை. ஒவ்வொரு கோடும் பாதத்துக்கு ஒரு பிடி.

நம் தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். குடிக்கக் காவிரித் தண்ணீர் வரும் வீடுகளிலும், துடைக்கவும் குளிக்கவும் ஓடுவது போர்வெல் தண்ணீர்தான். அது பல ஊர்களில் கடினத் தண்ணீர். பாத்திரத்தில் வெள்ளை படிகிற அதே உப்பு தரையிலும் படிகிறது. உறிஞ்சும் தரையென்றால் கொஞ்சம் உள்ளே போய் மறைந்திருக்கும். இதில் எல்லாம் மேலேயே தங்கி, கருப்பு, கரும்பழுப்பு, அடர்நீல டைல்ஸ்களில் மேகம்போலத் தெரியும். ஆடம்பரமாக இருக்கிறதென்று குளியலறைக்குக் கருப்புப் பளபளப்பு எடுத்தவர்கள் ஆறே மாதத்தில் ஆசிட் பாட்டிலை எடுக்கிறார்கள். ஆசிட் உப்பைக் கரைக்கும், அதோடு இணைப்பில் அடைத்த சிமெண்டையும் கரைக்கும். பின்பு அந்தக் கோடு வழியாகத் தண்ணீர் இறங்கி, கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் காட்டும். உப்புத் தண்ணீர் ஊரில் குளியலறைக்குச் சாம்பல், மணல், வெளிர் பழுப்பு நிறங்கள் போதும். பிடிவாதமாகக் கருப்புதான் வேண்டுமென்றால் கடைசியாகத் துடைக்க ஒரு வாளி நல்ல தண்ணீரையும் தினமும் ஒதுக்க வேண்டியிருக்கும்.

வாசலுக்கு வருவோம். எனக்கு மனவருத்தம் அதிகம் தருவது இந்த இடம்தான். வாசற்படிக்கு வெளியேயும் பளபளப்பு டைல்ஸ் ஒட்டிய வீடுகளில் கோலம் நிற்பதில்லை. கோலமாவு பிடித்துக்கொள்ள அங்கே ஒன்றுமில்லை. ஒரு காற்று, ஒரு காலடி, கோடு கலைந்துவிடும். நனைத்துவிட்டுப் போட்டால் மாவு கரைந்து படரும், போட்டவர் வழுக்குவார். இதனால்தான் பிளாஸ்டிக் கோலத் தாளை ஒட்டிவிட்டு விடிகாலை வேலையை முடித்துக்கொள்ளும் வீடுகள் பெருகின. மார்கழியில் பக்கத்து வீட்டுச் சிமெண்ட் வாசலில் போய்க் கோலம் போட்டுவிட்டு வருகிற பெண்ணை எங்கள் தெருவில் பார்த்திருக்கிறேன். வாசலுக்கு வேண்டியது கொத்திய கல், அல்லது நெருப்பால் சுட்டுச் சொரசொரப்பாக்கிய கிரானைட், அல்லது கார் நிற்கும் இடத்துக்கென்று வரும் கனமான மேட் டைல்ஸ். கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்துக் கிரானைட் நமக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது. வாங்கும்போது மெருகு போடாததைக் கேளுங்கள். மெருகு போட்ட கிரானைட் படி மழைநாளில் டைல்ஸுக்கு இளைத்ததல்ல. மாடிப்படிக்கும் இதே பேச்சுதான்: ஒவ்வொரு படியின் விளிம்பிலும் இரண்டு மூன்று பள்ளக் கோடுகள் இழுக்கச் சொல்லிவிட வேண்டும், கூலி பெரிதாக ஏறாது.

வாசலிலிருந்து உள்ளே வரும் காலோடு மண்ணும் வருகிறது. நம் செம்மண்ணில் வெங்கச்சங்கல் பொடி நிறைய. கனிமங்களின் கடினத்தை அளக்கும் பத்துப் படி அளவுகோலில் குவார்ட்ஸுக்கு ஏழாவது இடம். டைல்ஸின் மேல்பூச்சில் பல அதற்குக் கீழே நிற்பவை. அச்சிட்ட படத்தின்மேல் மெல்லிய கண்ணாடிப் பூச்சு போட்ட வகைகள் உண்டு. மார்பிள் நரம்பு, மரத்தின் ரேகை என்று நம்மை மயக்குபவை பெரும்பாலும் அவைதான். வாசலையடுத்த நடையில் அவை இரண்டு மூன்று வருடத்தில் மங்கத் தொடங்கும். நிறக் கலவையே சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு இறங்கியிருக்கும் டபுள் சார்ஜ் வகை, தேய்ந்தாலும் நிறம் மாறாது. ஆள் நடமாட்டம் மிகுந்த ஹாலுக்கு அது தகும். படம் அழகாக இருக்கும் வகையைப் படுக்கையறைக்கு வைத்துக்கொள்ளலாம், அங்கே கால் குறைவு. கோடையில் பாயை விரித்துத் தரையிலேயே படுக்கும் குடும்பங்களுக்கு எந்த டைல்ஸும் குளிர்ச்சிதான். பளபளப்பு வேண்டுமா வேண்டாமா என்பது அங்கே ரசனை மட்டும், நான் குறுக்கே வர மாட்டேன்.

சமையலறைக்கு நடுத்தரமான சாட்டின் பரப்பு. முழுச் சொரசொரப்பில் எண்ணெய்ப் பிசுக்கு உட்கார்ந்துகொள்ளும், தேய்த்தே கை ஓயும். முழுப் பளபளப்பில் எண்ணெய்ச் சொட்டு வழுக்கும். இணைப்பில் சாதாரண வெள்ளைச் சிமெண்ட் அடைத்தால் ஒரே மாதத்தில் மஞ்சள் ஏறும். எபாக்ஸி கொஞ்சம் விலை கூட என்றாலும் சமையலறை ஒன்றுக்காவது அதைப் போடுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் வாங்குவது பற்றி. ஒட்டுவதில் நடக்கும் தவறு இதைவிடப் பெரியது. பேசப்படுவதோ குறைவு. பழைய செங்கல் ஓடு, சிமெண்ட் ஓடு, ஆத்தங்குடி ஓடு எல்லாம் தண்ணீர் குடிப்பவை. கலவையின் சிமெண்ட் பாலை உள்ளே இழுத்துக்கொண்டு கீழ்த்தளத்தோடு ஒன்றாகிவிடும். விட்ரிஃபைட்டுக்குச் சிமெண்ட் பாலை இழுக்க வாய் இல்லை. என்றாலும் நம் பக்கத்தில் இன்னமும் அதே பழைய முறையில், மணல் கலவையைப் பரப்பி, மேலே சிமெண்ட் பால் ஊற்றி, ரப்பர் சுத்தியலால் தட்டி உட்கார வைக்கிறார்கள். உட்கார்ந்ததுபோலத்தான் இருக்கும். ஒரு வருடம் கழித்து நாணயத்தால் தட்டிப் பாருங்கள், பாதி வீட்டில் பொள்ளல் சத்தம் கேட்கும். கரிசல் மண்ணில் நிற்கும் வீடுகளில், அடித்தளத்தில் கொட்டிய கிராவல் சரியாகத் தண்ணீர் விட்டு இறுக்கப்படாத வீடுகளில், இது இன்னும் சீக்கிரம். இதோடு, கோடே தெரியக் கூடாது என்று டைல்ஸோடு டைல்ஸ் முட்டி ஒட்டும் ஆசையும் சேர்ந்துகொள்கிறது. வெயிலிலும் குளிரிலும் தளம் விரிந்து சுருங்குகிறது. விரிய இடமில்லாதபோது ஒரு நாள் நடுஹாலில் நாலு டைல்ஸ் கூரைபோல எழும்பிவிடும். இரவில் வெடிச் சத்தம் கேட்டு எழுந்து பார்த்த வீடுகள் எல்லா ஊரிலும் உண்டு. டைல்ஸ் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுவோம். பழி பெரும்பாலும் ஒட்டிய முறைக்குத்தான் சேரும். பசை கொண்டு ஒட்டுவதும், இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஸ்பேசர் வைத்து இடைவெளி விடுவதும், சுவரோரம் ஸ்கர்ட்டிங்குக்கு அடியில் கொஞ்சம் இடம் விடுவதும் செலவைக் கூட்டும். டைல்ஸில் ஒரு படி இறங்கி அந்தக் காசை ஒட்டும் முறையில் போடுவது நல்ல பேரம் என்பது என் துணிபு. பெரிய பலகை என்றால் இது இன்னும் கட்டாயம். நான்குக்கு இரண்டு அடிப் பலகை ஒன்றே சுமார் 15 கிலோ. சற்று வளைந்த தளத்தில் அது நடுவில் தாங்கல் இல்லாமல்தான் நிற்கும்.

ஒட்டுகிறவரைப் பற்றி ஒரு வார்த்தை. மூடிய அறைக்குள், தண்ணீர் விடாமல், முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு மிஷினில் டைல்ஸ் வெட்டும் இளைஞர்களை எல்லாத் தெருவிலும் பார்க்கிறோம். பறக்கும் வெள்ளைத் தூசியில் நுண்ணிய சிலிக்கா உண்டு. அது நுரையீரலில் தங்கினால் திரும்பி வராது. இதைவிடப் பன்மடங்கு சிலிக்கா கொண்ட செயற்கைக் கல் பலகைகளை, வெட்டும் தொழிலாளர்களின் நுரையீரல் நோய் காரணமாக, ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் தடையே செய்துவிட்டது. நம் வீட்டில் ஒரு குழாயை இழுத்துக் கொடுத்து, நனைத்து வெட்டச் சொல்ல முடியும். நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுக்க முடியும். பல லட்சத்தில் வீடு கட்டுகிற நாம் இதைச் செய்யாமலிருக்க ஒரு காரணமும் இல்லை.

சமீபமாக இன்னொரு போக்கும் வந்திருக்கிறது. காசும் ரசனையும் உள்ளவர்கள் ஆத்தங்குடி ஓட்டுக்கும் காவித் தரைக்கும் திரும்புகிறார்கள். வரவேற்கிறேன். கண்ணாடிமேல் நிறச் சிமெண்டை ஊற்றிக் கையால் செய்து, சூளை இல்லாமல் தண்ணீரிலேயே பதப்படுத்தும் ஆத்தங்குடி ஓடு, மோர்பிச் சூளையின் எரிவாயுவைக் கேட்பதில்லை. காலடிக்கு அது தரும் சுகமும் தனி. ஆனால் அங்கேயும் அறை பார்த்துத்தான் போட வேண்டும். புளி, எலுமிச்சை, தயிர் சிந்தும் சமையலறையில் சிமெண்ட் ஓடு அரிக்கும். கடினத் தண்ணீரும் சோப்பும் நிற்கும் குளியலறைக்கு அது ஆகாது. ஆசாரம், திண்ணை, பூஜை அறை, இவை மூன்றும் அதற்கு ஏற்ற இடங்கள். வீடு முழுக்க ஆத்தங்குடி என்பதும் வீடு முழுக்கப் பளபளப்பு என்பதைப்போல ஒரே தவறின் இன்னொரு முகம்தான்.

மொட்டை மாடியைச் சொல்லாமல் விட முடியாது, சித்திரை வெயில் அப்படி. கடுக்காய் ஊறிய தண்ணீரும் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் இடித்துப் போட்டு, மேலே தட்டோடு பாவிய பழைய மாடிகள், கனத்தாலேயே வெப்பத்தைத் தாமதப்படுத்தின. இன்று வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைக் கூலிங் டைல்ஸ் அந்த வேலையைக் குறைந்த கனத்தில் செய்கிறது. இது நல்ல மாற்றம், தயங்காமல் போடலாம். மழைக்காலத்தில் வடகம் எடுக்க ஓடும்போது மட்டும் கவனம். வாங்கும்போதே மேட் பரப்பாகப் பார்த்து வாங்கினால் அந்தக் கவலையும் இல்லை.

என் கணக்கில், சின்ன வீட்டுக்கு மூன்று தரை போதும். உள்ளறைகள் எல்லாவற்றுக்கும் ஒரே டைல்ஸ், ஆனால் பளபளப்பு குறைந்த சாட்டினில். நனையும் இடங்களுக்கு, அதாவது குளியலறை, துவைக்கும் இடம், கை கழுவும் நடை ஆகியவற்றுக்கு, சிறிய அளவில் கால் பிடிக்கும் டைல்ஸ். வாசலுக்கும் படிக்கும் கல். மூன்றும் ஒரே கனத்தில் கிடைக்காதபோது மேஸ்திரி கலவையில் சரிக்கட்டிக்கொள்வார், முன்கூட்டியே சொன்னால் போதும். ஒரே டைல்ஸின் லாபங்களில் பெரும்பகுதியும் கையில் நிற்கும். வாங்கும்போது பெட்டிமேல் இருக்கும் ஷேட் எண்ணும் லாட் எண்ணும் எல்லாப் பெட்டியிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள், சேதாரத்துக்குப் பத்து சதவீதம் கூடுதலாக எடுங்கள்.

அம்மா விழுந்த பிறகு கை கழுவும் நடையையும் குளியலறையையும் பெயர்த்துப் போட்டோம். வந்த மேஸ்திரி அறுபதைத் தாண்டியவர், காவித் தரை தேய்த்துத் தொழில் கற்றவர். டைல்ஸ் ஒட்டி முடித்து, ஆனால் இணைப்பை அடைக்கும் முன், ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து அறையின் தூர மூலையில் மெதுவாகச் சாய்த்தார். தண்ணீர் சுவரோரமாகப் போய், திரும்பி, ஓட்டையில் இறங்கியது. கதவுக்குப் பின்னால் மட்டும் உள்ளங்கை அளவு நின்றுவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அந்த இடத்து டைல்ஸ் இரண்டையும் நெம்பி எடுத்துக் கழுவி வைத்துவிட்டு, புதிதாகப் பசை குழைக்கத் தொடங்கினார்.